பெயர்களை மூடிவைத்த மேசை

எங்கள் தொழிற்சங்கத்தின் தேசியத் தலைவரை அடுத்த தடவை முற்றுமுழுதாக இணையவழி வாக்கெடுப்பினால் தெரிவுசெய்வதென்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய தேர்தல் பிரிவில் இப்போது வேலைபார்க்கும் அபிராமி அந்தச் செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தாள். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மகிழ்ச்சி வந்தால் அவளுடைய தமிழ் வேகமெடுக்கும்.

"அன்ரி, இனிமேல் செல்லாத வாக்கு எண்டு ஒண்டுமே வராது. பிழையாப் போட்டால் ஸ்கிரீன் அடுத்த பேஜுக்குப் போகவே விடாது. நீங்கள் எல்லாம் பட்ட பாடு எங்களுக்கு இல்லை."

"நல்லது பிள்ளை."

"நல்லது எண்டு சொல்லுறியள். ஆனால் குரல் நல்லா இல்லையே?"

என் குரலில் குறையொன்றும் இல்லை. பிழையாகப் போடப்பட்ட வாக்குகள் என்று அவள் சொன்னதும் ஒரு கட்டு வாக்குச்சீட்டுகளும் இரண்டு மனிதர்களும் நினைவுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் படித்துப் பட்டம் பெற்றவள். ரொறன்ரோவுக்கு வந்தபின் எனக்கு முதலில் கிடைத்தது, மிசிசாகாவில் விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடமொன்றில் தட்டுகளுக்கு உறையிடும் வேலை. அங்கேதான் சங்கத்தில் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் வேலைத்தளப் பிரதிநிதியானேன். பின்னர் தேசிய அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்கு எழுதுவினைஞராகப் போனேன். உறுப்பினர் பதிவுகளைச் சரிபார்த்தேன், முகவரி மாறியவர்களைத் தேடிப்பிடித்தேன், விதிகளை மனனம் செய்தேன். ஓய்வுபெறும்போது அதே பிரிவில் உதவிப் பொறுப்பாளர். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கனடாவில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. தத்தம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்கிறார்கள். மிகுதி பாராளுமன்றத்தில் நடக்கிறது. எங்கள் சங்கமும் நெடுங்காலம் ஏறக்குறைய அந்த ஒழுங்கிலேயே இயங்கிற்று. ஒவ்வொரு வேலைத்தளமும் பேராளர்களை அனுப்பும். பேராளர்கள் மாநாட்டில் கூடித் தேசியத் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். இந்த ஒழுங்கைப் பற்றித் தவராசா அண்ணைக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவர் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அந்த இடத்தின் சங்கப் பிரதிநிதி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"உது கலியாணம் பேசுற கதைதான் தங்கச்சி," என்பார். "நாங்கள் தரகரை அனுப்புறம், தரகர் இன்னொரு தரகரைப் பாக்கிறார், ரண்டு பேரும் ஹோட்டலில இருந்து சாப்பிட்டு முடிவெடுக்கினம். மாப்பிள்ளை பொம்பிளையைக் கண்ணால காணேல்லை."

உறுப்பினர் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டும் என்ற தீர்மானம் மாநாட்டுக்கு வந்தபோது, அவர் எழுந்து நின்று கைதட்டினார். என்னால் அவ்வளவு விரைவாகக் கைதட்ட முடியவில்லை. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ஒரு தலைவரைத் தெரிவுசெய்யும் முறையை இலங்கையில் பார்த்து வளர்ந்தவள் நான். எண்ணிக்கையில் சிறிய மக்களாகிய எங்களுக்கு அந்த முறை இரண்டு விடயங்களை உணர்த்தியிருந்தது. சிறியவர்கள் அதில் தனித்து வெல்ல இயலாது. ஆனால் போட்டி நெருங்கிவிட்டால், நாட்டின் எந்த மூலையில் விழுந்த வாக்கையும் எவரும் ஒதுக்கிவிடவும் இயலாது. ரொறன்ரோவின் பெரிய வேலைத்தளங்கள் வடக்கிலுள்ள சிறிய ஊர்களை மூழ்கடித்துவிடுமோ என்று அஞ்சினேன். அதேவேளை, மாநாட்டுக்குப் போகும் வாய்ப்பே கிடைக்காத இரவு ஷிஃப்ட் தொழிலாளரையும் எண்ணிப்பார்த்தேன். இறுதியில் ஆதரித்தேன். தீர்மானம் நிறைவேறிற்று. ஆனால் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: முதலாவது வாக்கெடுப்புக் குழப்பத்தில் முடிந்தால் பழைய முறைக்கே திரும்புவது.

அந்த முதலாவது வாக்கெடுப்பை நடத்தச் சங்கத்துக்கு வெளியேயிருந்து ஒருவரை அழைத்தார்கள். ஹெலன் என்று பெயர். மாகாணத் தேர்தல்களில் நெடுங்காலம் பழகி ஓய்வுபெற்றிருந்தவர். உயரம் குறைந்தவர், ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். எவராவது அவரிடம் உரத்துப் பேசினால், அவர் இன்னும் மெதுவாகப் பதில் சொல்வார். கேட்க விரும்புபவர் தாமாகவே அடங்கவேண்டியிருக்கும். எந்தக் கேள்விக்கும் "விதி அப்படி" என்று அவர் விடைகூறி நான் கேட்டதில்லை. அந்த விதி யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்பதைத்தான் சொல்வார்.

வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள். பதவியிலிருந்த தலைவர், வினிபெக்கில் பஸ் ஓட்டிய ஒரு பெண்மணி, கிழக்குக் கரையிலிருந்து ஒருவர். ஹெலன் சீட்டுகளை ஒரே மாதிரி அச்சிடவில்லை. ஒரு பகுதியில் ஒருவர் பெயர் மேலே வரும், இன்னொரு பகுதியில் மற்றவர் பெயர். அச்சுச் செலவு கூடுகிறதென்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். காரணத்தை நான் அவரிடமே கேட்டேன்.

"மேலே இருக்கும் பெயருக்குச் சோம்பேறிகளின் வாக்கு விழும்," என்றார். "அதை நான் ஒழிக்க முடியாது. மூவருக்கும் பங்கிட்டுக் கொடுக்க மட்டும் முடியும்."

வாக்களிப்பு வேலைத்தளங்களிலேயே நடந்தது. தவராசா அண்ணை வினிபெக் பெண்மணியின் பக்கம் நின்றார். அவருடைய களஞ்சியத்தில் வேலைசெய்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்த எங்களவர்கள். சங்கத் தேர்தல் என்றால் எட்டியும் பார்க்காதவர்கள். மதிய இடைவேளையில் சாப்பாட்டறை மேசையில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள், மணி அடித்ததும் சீட்டுக்கட்டை அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள். அவர்களை வாக்களிக்க இழுத்துவருவதற்கு அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். "இந்த முறை எங்கட வாக்கு நேராத் தலைவர் தெரிவுக்குப் போகுது, இடையில தரகர் இல்லை" என்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லித் திரிந்தார். "எண்ணுவாங்களோ அண்ணை? சும்மா எங்களைப் பேய்க்காட்டாதேங்கோ" என்று அவர்கள் கேட்டபோது, "எண்ணாட்டில் நான் பிரதிநிதி வேலையை விடுறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒன்ராறியோவின் பெட்டிகள் அனைத்தும் மிசிசாகாவில் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு மண்டபத்தில் எண்ணப்பட்டன. தேர்தல் பிரிவின் சார்பில் நான் அங்கே இருந்தேன். வாசலில் ஹெலன் வெறுமையான ஐஸ்கிறீம் வாளி ஒன்றுடன் நின்றார். உள்ளே வருபவர்கள் பேனை, பென்சில் யாவற்றையும் அதில் போடவேண்டும். எண்ணும் மேசையில் எழுதுகோல் இருந்தால், நல்ல வாக்கைச் செல்லாத வாக்காக்க ஒரு கீறல் போதும். வேட்பாளர்களின் முகவர்களுக்கும் இது பொருந்தும். வினிபெக் பெண்மணியின் முகவராக வந்த தவராசா அண்ணை தம் சட்டைப்பையிலிருந்த பேனையைத் தயக்கத்துடன் எடுத்தார்.

"மகள் வாங்கித் தந்த பேனை, தங்கச்சி. போகேக்க மறக்காமல் எடுத்துத் தாங்கோ. உந்த மனிசி அடுத்ததாக் கைநகத்தையும் வெட்டச் சொல்லும் போல."

அடுத்த ஏற்பாடு முக்கியமானது. பிறம்ரன், அஜக்ஸ், விமான நிலையம் என்று பல வேலைத்தளங்களின் பெட்டிகள் ஒரே மேசையில் கவிழ்க்கப்பட்டு, சீட்டுகள் விரிக்கப்படுவதற்கு முன்பே நன்றாகக் கலக்கப்பட்டன. எந்த வேலைத்தளம் யாருக்கு வாக்களித்தது என்று முதலாளியோ, வெல்லும் தலைவரோ, எவருமே அறியக்கூடாது என்பதற்காக. பிறகு எண்ணுபவர்கள் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்தார்கள். ஐயத்துக்குரிய சீட்டைக் கண்டால் அதை ஆராயாமல், முகம் கீழே இருக்கும்படி தனித் தட்டில் வைக்கவேண்டும்.

பிற்பகலில் அந்தத் தட்டு உயரத் தொடங்கியது. மேலிருந்த சில சீட்டுகளின் கட்டங்களை மட்டும் ஹெலன் எங்களுக்குத் திருப்பிக் காட்டினார்.

சீட்டுகளில் ஒரு கட்டத்துக்குள் மட்டும் X போன்ற புள்ளடி இடும்படி அச்சிட்டிருந்தோம். தட்டிலிருந்த சீட்டுகளில் புள்ளடி இல்லை, இலக்கங்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று, பலவற்றில் மூன்று கட்டங்களிலும். பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இலங்கையில் சனாதிபதித் தேர்தலுக்கு விருப்பத்தை இலக்கத்தால் இடுவது வழக்கம். கனடாவின் தேர்தல்களில் வருடக்கணக்காகப் புள்ளடி இட்டுப் பழகிய எங்கள் ஆட்களுக்கு, நாடு முழுவதும் சேர்ந்து ஒரு தலைவரைத் தெரிவுசெய்கிறது என்றதும், கை தானாகவே பழைய இடத்துக்குப் போயிருக்கிறது.

பதவியிலிருந்த தலைவரின் முகவர் டக் என்பவர். ஹமில்ரன் உருக்காலையில் வேலைசெய்தவர், கூரிய அறிவாளர். அவர் ஆட்சேபித்தார்.

"ஒன்று என்றால் முதல் விருப்பம் என்று எப்படித் தெரியும்? மூன்று புள்ளி கொடுத்தவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்றும் கொள்ளலாமே. வாக்காளரின் எண்ணம் தெளிவாக இல்லை. இவை செல்லாது."

வாதம் அற்பமானதல்ல. ஹெலன் சிறிது நேரம் இடைவேளை விட்டார். தவராசா அண்ணை என்னை நடைவழிக்கு இழுத்துப்போனார்.

"தங்கச்சி, அது எங்கட பெடியள் போட்டது. நான்தான் சொன்னனான். எப்பிடிப் போடுறதெண்டு கேட்டாங்கள். ஊரில சனாதிபதிக்குப் போட்ட மாதிரித்தான், ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு பெரிய மனிசன் மாதிரிச் சொல்லிப்போட்டன். இப்ப உள்ள போய் எழும்பிச் சொல்லப்போறன். ஒண்டு எண்டால் ஒண்டுதான் எண்டு."

"சொல்லாதேங்கோ அண்ணை."

"ஏன்? உண்மையைத்தானே சொல்லுறன்?"

"உண்மைதான். ஆனால் நீங்கள் சொன்ன உடன அது ஆரின்ர வாக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். வாக்காளரைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம் இருந்தால் சீட்டுச் செல்லாது எண்டு விதி இருக்கு. டக் அதைத்தான் அடுத்ததாகக் கேப்பார். கேட்டால் பிழை சொல்லேலாது."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோவன். நீங்கள் ஒஃபிசர் தானே."

"நான் சொன்னாலும் அதே கதைதான்."

"அவங்களை வாய்விட்டுக் கூப்பிட்டனான், தங்கச்சி. எண்ணேல்லை எண்டு போய்ச் சொன்னால், சாகுமட்டும் ஒருத்தனும் வரமாட்டான்."

அவருடைய நெஞ்சில் இருந்தது அந்தச் சாப்பாட்டறை. என்னுடைய நெஞ்சில் அதனோடு இன்னொன்றும் இருந்தது. இந்தக் கட்டினால் வாக்கெடுப்பே குழம்பினால், நாடு முழுவதிலுமுள்ள உறுப்பினர்கள் நேரடி வாக்கை இழப்பார்கள். பேசினாலும் கேடு, பேசாவிட்டாலும் கேடு என்ற நிலையில் நாங்கள் இருவரும் உள்ளே திரும்பினோம்.

ஹெலன் மேசையருகே இருந்தார். ஊழியர்களுக்காக வாங்கிய டோனட் பெட்டியின் மூடியைக் கத்தரிக்கோலால் நீள நீளமான பட்டைகளாக வெட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அமர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை:

"இவற்றை யார் எழுதியிருக்கக்கூடும் என்று இந்த அறையில் எவரும் ஊகிக்கக்கூடாது. தெரிந்தவர் இருந்தால், தெரிந்ததைத் தம்மிடமே வைத்திருக்கட்டும். சீட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பேசுவோம்."

என்னையோ தவராசா அண்ணையையோ அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது தற்செயல் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

பிறகு தட்டிலிருந்த சீட்டுகளை அவரே ஒவ்வொன்றாகத் திருப்பி, பெயர்கள் இருந்த இடப்பாதியை அட்டைப் பட்டையால் மறைத்தபடி மேசையில் வைத்தார். கட்டங்களும் இலக்கங்களும் மட்டுமே தெரிந்தன. பெயர்களின் ஒழுங்கு சீட்டுக்குச் சீட்டு மாறுவதால், மேற்கட்டத்திலுள்ள இலக்கம் யாருக்குரியது என்று எவராலும் சொல்ல இயலாது. முணுமுணுப்புக்கு உள்ளான அந்த அச்சுச் செலவு அன்று தன் இரண்டாவது பயனைக் காட்டிற்று.

தவராசா அண்ணை என் பக்கம் சாய்ந்து, "மனிசி துரும்பை மூடிவைச்செல்லோ விளையாடுது," என்றார். முன்னூற்றிநாலில் துரும்புச் சீட்டைக் கவிழ்த்துவைத்துத்தான் ஆட்டம் தொடங்கும்.

ஹெலன் சீட்டுகளை வகைப்படுத்தினார். மூன்று இலக்கங்களும் உள்ளவை ஓரிடத்தில். ஒன்றும் இரண்டும் மட்டும் எழுதி, மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டவை இன்னோரிடத்தில். ஒன்று மட்டும் எழுதப்பட்டவை வேறோரிடத்தில். நான்காவதாக மேசையில் ஓர் இடத்தை விட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"டக், மூன்றுதான் மேலான விருப்பம் என்று கருதிய வாக்காளர்கள் இவர்களிடையே இருந்தால், அவர்களில் சிலராவது மூன்றை மட்டும் எழுதி நிறுத்தியிருப்பார்கள். அல்லது மூன்றையும் இரண்டையும் எழுதி ஒன்றை விட்டிருப்பார்கள். அந்தச் சீட்டுகளுக்காக இந்த இடத்தை வைத்திருக்கிறேன். நீங்களே தேடிப்பாருங்கள்."

டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். சீட்டுகளைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டியபடி, மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தார். டக் ஒரு சுற்று முடித்து, ஐயம் தீராமல் இன்னொரு சுற்று வந்தார்.

"ஒன்றுகூட இல்லை," என்றார்.

"ஆகவே?"

"ஆகவே ஒன்று என்பது ஒன்றுதான்." "அட்டைக்குக் கீழே எனக்குப் பாதகமாக இருந்தாலும்," என்று சேர்த்துக்கொண்டார். அந்த மனிதரிடம் எனக்கு அன்று மரியாதை உண்டாயிற்று.

மூன்று முகவர்களும் அந்த முடிவை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும், அதுவும் பெயர்கள் மூடியிருக்கும்போதே. ஹெலன் வாசலுக்குப் போய் வாளியிலிருந்து ஒரேயொரு பேனையை எடுத்துவந்தார். அது தவராசா அண்ணையின் மகள் வாங்கிக் கொடுத்த பேனை. மேசையிலிருந்து விலகி நின்று மூவரும் ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். பேனை வாளிக்குத் திரும்பிற்று.

"இனி அட்டைகளை எடுக்கலாம்," என்றார் ஹெலன்.

அப்போது தவராசா அண்ணை எழுந்தார். தமது ஆங்கிலத்தில், தம்மால் தொடர்ந்து இருக்க இயலாதென்றும் வினிபெக் பெண்மணியின் மாற்று முகவரை அழைக்கும்படியும் கேட்டார். உடல்நலமில்லையா என்று டக் விசாரித்தார். இல்லை, காற்று வேண்டும் என்றார். ஹெலன் அவரை ஒரு கணம் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. மாற்று முகவர் வந்து அமரும்வரை அட்டைகள் அப்படியே இருந்தன.

எனக்கு மட்டுந்தான் காரணம் தெரியும். அந்த மேசையில் இருந்தவர்களில், அந்தக் கட்டு எந்தச் சாப்பாட்டறையிலிருந்து வந்தது என்று அறிந்த முகவர் அவர் ஒருவரே. அட்டையைத் தூக்கினால், தம்மோடு தினமும் சாப்பிடுகிறவர்கள் தம் சொல்லைக் கேட்டார்களா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு முகவராக அதைப் பார்க்க அவருக்கு உரிமை இருந்தது. பல வாரங்கள் அலைந்த மனிதர் என்ற வகையில் ஆசையும் இருந்திருக்கும். வாக்கின் இரகசியத்தைக் காக்க ஹெலன் செய்த அத்தனை ஏற்பாடுகளிலும், என்னை விட்டால், மீதமிருந்த ஒரேயொரு துவாரம் அவர்தான். அதை அவரே அடைத்தார். எந்த விதியும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அட்டைகள் எடுக்கப்பட்டன. சீட்டுகள் ஒன்று இடப்பட்ட பெயர்களின்படி பிரிக்கப்பட்டு, உரிய கட்டுகளில் சேர்ந்தன. நான் பார்த்தேன், அது என் வேலை.

வேலை முடிந்து வெளியே போனபோது அவர் கார்த் தரிப்பிடத்தில், தம் காரின் மேல் சாய்ந்தபடி, இறங்கிவரும் விமானமொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேனையைக் கொடுத்தேன்.

"எண்ணினதோ?"

"எல்லாம் எண்ணினது அண்ணை."

"காணும், அது போதும்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

எல்லா மாகாணங்களின் எண்ணிக்கையும் ஒன்றுசேர்ந்தபோது வினிபெக் பெண்மணி சிறிய வித்தியாசத்தில் தோற்றிருந்தார். முடிவை எவரும் எதிர்த்து மனுக் கொடுக்கவில்லை. டக்கும் மற்ற முகவர்களும் கையெழுத்திட்ட தாள் இருக்கையில் கொடுக்கவும் இயலாது. நேரடி வாக்கு நிலைத்தது. ஹெலன் தம் அறிக்கையில் அந்தக் கட்டைப் பற்றி, "வழக்கத்துக்கு மாறான குறியீடுகள் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டன" என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். எங்கிருந்து வந்தன என்று அவர் என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டறையில் நடந்ததைப் பின்னர் கேள்விப்பட்டேன். "என்ன அண்ணை, உங்கட ஆள் விழுந்திட்டா போல? எங்கட வாக்கை எண்ணினவங்களோ, குப்பையில போட்டவங்களோ?" என்று சீட்டு மேசையிலிருந்து ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். "ஒண்டும் விடாமல் எண்ணினது. அடுத்தமுறை புள்ளடி போடுங்கோ, இலக்கம் வேண்டாம். அது நான் சொன்ன பிழை," என்றுவிட்டு அவர் தம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறார். அடுத்தமுறை அவர்கள் வந்தார்கள். புள்ளடி போட்டார்கள்.

அபிராமியின் ஸ்கிரீன் பிழையான வாக்கைத் தடுத்துவிடும். அது நன்மைதான், வடக்கிலுள்ள ஒருவர் பனியில் நடக்காமல் வாக்களிப்பார் என்பதும் நன்மையே. நான் அதற்கு எதிரானவள் அல்லள். ஆயினும் அந்த ஸ்கிரீனுக்குப் பின்னாலும் பார்க்கக்கூடிய இடத்தில் யாரோ ஒருவர் இருப்பார். அந்த இடத்தில் எத்தகையவரை அமர்த்துகிறோம் என்று இன்றைய செயற்குழு யோசிக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தவராசா அண்ணை இப்போது அஜக்ஸில் மகளோடு இருக்கிறார். இதை எழுதத் தொடங்குமுன் அனுமதி கேட்டு அழைத்தேன். களஞ்சியமும் மூடியாயிற்று, எல்லோரும் ஓய்வுபெற்றாயிற்று, எழுதலாமா என்றேன்.

"தாராளமா எழுதுங்கோ தங்கச்சி. நான் சொன்ன பிழையையும் சேத்து எழுதுங்கோ." பிறகு சொன்னார்: "ஆனால் அவங்கள் ஆருக்குப் போட்டவங்கள் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. வெள்ளிக்கிழமையில நான் இப்பவும் அவங்களோடதான் முன்னூற்றிநாலு விளையாடுறன்."